கையை விட்டாலும் நிற்கிற கேமரா

ஜூலை 9, 2019 – செவ்வாய்

மூன்று பேட்டரியும் சார்ஜ் ஏறிவிட்டன. கார்டு இரண்டையும் காலி செய்து வைத்துவிட்டேன். சனிக்கிழமை ஜெய்னப் அக்கா வீட்டில் மூத்த மகனுக்குக் கல்யாணம். இந்த வருஷம் எங்கள் ஊர் கோச்கோரிலேயே பெரிய விருந்து அதுதானாம். இரண்டு குதிரை வெட்டுகிறார்கள்.

எர்னிஸ் புல் அறுக்கப் போய்விட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தான். "நீ கேமரா தூக்குற, நான் அரிவாள் தூக்குறேன். இதுல யாருக்கு யார் தைலம் தேய்க்கணும்னு நீயே சொல்லு" என்றான். ஒரே வகுப்பில் படித்தவனைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான், மரியாதை மருந்துக்கும் கிடையாது. தேய்த்துவிட்டேன்.

பன்னிரண்டு வருஷமாகிறது நான் இந்தத் தொழிலுக்கு வந்து. ஊரில் பாதிக் கல்யாணம் என் கண் வழியாகத்தான் போயிருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் கேமரா பிடிக்கிற ஒரே பெண் நான். இங்கேயாவது சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

ஜூலை 14, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை.

காலையில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். மாப்பிள்ளை வந்து இறங்குவது, பெண்ணின் தலையில் வெள்ளை முக்காடு போடுவது, எல்லாம் இருக்கிறது. நடந்துகொண்டே எடுத்ததெல்லாம் மினிபஸ்ஸின் கடைசி சீட்டிலிருந்து எடுத்த மாதிரி ஆடுகிறது. அது எப்போதும் இருப்பதுதான். பிறகு பெரியவரின் ஆசி வந்தது.

பெரியவர் அப்திகெரிம், ஜெய்னப் அக்காவின் அப்பா. எண்பத்தாறு வயது. ஆசி எப்போதும் விருந்து மேஜையில்தான் நடக்கும். அங்கே கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தியிருப்பேன், என் கை இரண்டும் சும்மா இருக்கும். நேற்று அவர் மேஜை வரைக்கும் பொறுக்கவில்லை. மருமகள் முற்றத்துக்குள் கால் வைத்ததுமே, நின்ற இடத்தில் நின்று, இரண்டு உள்ளங்கையையும் மேலே பார்க்க ஏந்திவிட்டார். இருநூறு பேரும் ஏந்தினார்கள்.

நானும் ஏந்தினேன்.

பேச்சு வருவதற்கு முன்னாலேயே பழகின கை. பெரியவர் கை மேலே போனால் நம் கையும் போகும், யாரைக் கேட்டுக்கொண்டு போகிறது? கேமரா கழுத்துப் பட்டையில் தொங்கிவிட்டது. அவர் முடித்து, எல்லாரும் "ஓமின்", அப்படியே ஆகட்டும், என்று முகத்தைத் தடவிக்கொண்டோம். நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். என்ன செய்தோம் என்றே உறைக்கவில்லை.

நாலு நிமிஷம். குரல் கண்ணாடி மாதிரித் தெளிவு. படத்தில் என் செருப்பு. நடுவில் ஒரு கோழி வந்து கொத்திப் பார்த்துவிட்டுப் போகிறது.

ஐயோ, சல்கின், சல்கின். என்னடி பண்ணி வெச்சிருக்க.

ஜூலை 17, புதன்

ஜெய்னப் அக்கா வந்தாள். நேரில் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, படத்தை மட்டும் கொடுத்தனுப்பியிருந்தேன். அது இன்னும் பெரிய தப்பு.

"எங்கப்பா உன் செருப்புக்கா ஆசி சொன்னாரு?"

வாசலில் நின்றபடியே கேட்டாள். நான், "அக்கா, கை தானா –" என்று ஆரம்பித்தேன்.

"கையாம் கை! நாங்களும்தான் கையேந்தினோம். எங்க கையில கேமராவா இருந்துச்சு? மூத்த பேரனுக்கு அவர் வாயால சொன்ன முதல் ஆசிடி அது. அவருக்கு வயசு எண்பத்தாறு. அந்த முகத்தை நான் இனி எங்க போய்ப் பார்ப்பேன்? குரல் இருக்காம், குரல்! ரேடியோவா கேட்டேன் உன்கிட்ட?"

தேநீர் வேண்டாம் என்றாள். மேஜையில் ரொட்டி வைத்திருந்தேன். கிளம்புகிறவர்கள் ஒரு துண்டாவது பிய்த்து வாயில் போட்டுக்கொண்டுதான் போவார்கள், சண்டைக்காரிகூடப் போடுவாள். அவள் தொடவே இல்லை. வாசலில் திரும்பி, "அக்டோபர்ல எங்க பொண்ணு அய்சுலுவைக் கட்டிக் கொடுத்து அனுப்பறோம். விருந்தாளியா வா. கேமராவோட வராதே" என்றாள்.

அழுதேன். அப்புறம் அந்த ரொட்டியை நானே தின்றேன்.

ஜூலை 18, வியாழன்

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அதுதான் எரிகிறது.

ஜூலை 23, செவ்வாய்

சந்தையில் எனக்குப் புதுப் பெயர். "செருப்புப் படக்காரி." தக்காளி விற்கிறவள் என் முகத்துக்கு நேராகவே சிரிக்கிறாள். ஆகஸ்டில் இரண்டு கல்யாணம் பேசியிருந்தேன், ஒன்று கைநழுவிவிட்டது. "சொந்தக்காரப் பையன் ஒருத்தன் எடுக்கறேன்னு சொல்லிட்டான்" என்கிறார்கள். திடீரென்று எல்லார் வீட்டிலும் சொந்தக்காரப் பையன் முளைக்கிறான்.

அய்சுலு கல்யாணத்துக்கு நாரின் டவுனிலிருந்து எல்தார் என்கிற கேமராக்காரன் வருகிறானாம். அவனிடம் கிம்பல் இருக்கிறது. மோட்டார் வைத்த பிடி, அவன் ஓடினாலும் கேமரா ஆடாது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். வாங்கலாம் என்றால் என் கேமரா பழையது, கனமானது. அதைத் தாங்குகிற கிம்பலின் விலைக்கு ஒரு நல்ல பசுமாடு வாங்கலாம்.

ஜூலை 28, ஞாயிறு

எர்னிஸோடு சண்டை.

"இதுக்கு எதுக்கு இவ்வளவு ஒப்பாரி? இனிமே ஆசி சொல்லும்போது கையைத் தூக்காதே. தீர்ந்துச்சு."

"ஊரே கையேந்தி நிக்கும்போது நான் மட்டும் கம்பம் மாதிரி நிக்கணுமா?"

"வேலை பாக்கறவளுக்கு ஒண்ணும் குத்தமில்லை."

"எனக்குக் குத்தம்! பன்னெண்டு வருஷமா ஊரான் வீட்டு ஆசியை எல்லாம் நின்னு நின்னு எடுத்திருக்கேன். எம்மேல ஒரு துளி விழ வேண்டாமா?"

"அப்போ கேமராவுக்குத்தான் நிக்கக் கத்துக் கொடுக்கணும்" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டுத் தூங்கப் போனான்.

நான் தூங்கவில்லை. எல்லாரும் கேமரா ஆடாமல் இருக்கப் பிடி செய்கிறார்கள். எனக்கு வேண்டியது அது மட்டும் இல்லை. நான் கையை விட்டாலும் அது நிற்க வேண்டும்.

ஆகஸ்ட் 3, சனி

டோக்டோசுன் அண்ணன் பட்டறைக்குப் போனேன். அடுப்பும் இரும்புக் கதவும் வெல்டிங் அடிக்கிறவர். குதிரை விளையாட்டு என்றால் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுப் போய்விடுவார். காகிதத்தில் வரைந்து காட்டினேன். நடுவில் ஒரு குழாய், உச்சியில் கேமரா, அடியில் கனம். குழந்தைகள் வைத்து விளையாடுமே, தட்டிவிட்டாலும் எழுந்து நிற்கிற பொம்மை, அதே கணக்குத்தான். குழாயை நேராகக் கையால் பிடித்தால் கையின் ஆட்டம் எல்லாம் கேமராவுக்கு ஏறிவிடும். நடுவில் எல்லாப் பக்கமும் அசைகிற ஒரு மூட்டு வேண்டும், அந்த மூட்டைத்தான் பிடிக்க வேண்டும்.

"கனத்துக்கு என்ன போடப்போற தங்கச்சி?"

"நீங்கதான் சொல்லணும்."

மூலையைக் காட்டினார். தேய்ந்த லாடங்கள் குவிந்து கிடந்தன. மூன்று எடுத்துக்கொண்டேன்.

மூட்டுக்குக் குதிரைச் சங்கிலி வளையம் கொடுத்தார். மேய்ச்சலில் முளை அடித்துக் கட்டும்போது, குதிரை சுற்றிச் சுற்றி வந்தாலும் கயிறு முறுக்கிக்கொள்ளாமல் இருக்க நடுவில் போடுகிற சுழல் வளையம். "குதிரையே முறுக்க முடியாததை நீயா முறுக்கிடப் போற?" என்றார். எனக்கும் பிரமாதமாகத்தான் தோன்றியது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பிரமாதமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. வட்டமாகச் சுழல்கிறது, முன்னும் பின்னும் சாயமாட்டேன் என்கிறது. போதாததற்கு ஒவ்வொரு அடிக்கும் கிளிங் கிளிங். பதிவைக் கேட்டால் கல்யாண வீட்டுக்குள் மாட்டு மந்தை நுழைந்த மாதிரி இருக்கிறது.

ஆகஸ்ட் 7, புதன்

லாடத்துக்குக் கம்பளித் துண்டு சுற்றினேன். சத்தம் பாதி போச்சு. மீதிப் பாதி வளையத்துடையது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

"சல்கின்! என் அரிவாள் பிடி எங்கடி?"

எர்னிஸின் நீள அரிவாளில், காம்பின் நடுவே, வளைந்த வில்லோ மரப் பிடி ஒன்று கட்டியிருக்கும். வலது கை பிடிக்கிற இடம். எத்தனை வருஷம் அறுத்து அறுத்து வழவழவென்று ஆகியிருக்கிறது! டோக்டோசுன் அண்ணன் பிடியாகக் கொடுத்த இரும்புக் கம்பியைப் பிடித்து என் உள்ளங்கை கொப்புளித்திருந்தது. அந்தப் பிடியைப் பார்த்தேன். கையில் வைத்துப் பார்த்தேன். அவ்வளவுதான்.

"வயல்ல ரெண்டு ஏக்கர் புல்லு நிக்குது! நான் என்ன பல்லாலயா அறுக்கறது?"

"பக்கத்து வீட்டு அரிவாளை வாங்கிக்கோ."

"கட்டினவன் அரிவாளைத் திருடற பொம்பளையை இந்த மாவட்டத்துலயே இப்பத்தான் பாக்கறேன்!"

கத்திக்கொண்டே வந்தவன் நான் செய்து வைத்திருந்ததைத் தூக்கிப் பார்த்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். மூட்டைக் கண்டதும் முகத்தைச் சுளித்தான். "இதுல குதிரையைக் கட்டு. கேமராவைக் கட்டாதே. இரு, வண்டியிலேருந்து கழட்டிப் போட்ட பால் ஜாயிண்ட் ஒண்ணு கிடக்கு" என்றான். அவனுடைய மினிபஸ்ஸின் ஸ்டியரிங்கில் இருந்தது. குண்டுமணி மாதிரி உருண்டை, கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது, எல்லாப் பக்கமும் திரும்பும்.

இத்தனை நாளும் இது என் வீட்டுக் கொட்டகையிலேயே கிடந்திருக்கிறது!

ஆகஸ்ட் 19, திங்கள்

பால் ஜாயிண்ட் விறைத்துக்கொண்டு நின்றது. உள்ளே பத்து வருஷத்துக் கிரீஸ், தார் மாதிரி. இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கம்பியால் நோண்டி எடுத்தேன். வீடெல்லாம் நாற்றம். சாப்பாடு கொட்டகையில்தான்.

இன்று மாலை ஒட்டிப் பார்த்தோம். அரிவாள் பிடி, அதன் நுனியில் மூட்டு, மூட்டில் நடுவாகக் கோத்த குழாய், உச்சியில் கேமரா, அடியில் லாடம். இரண்டு லாடத்துக்குக் கேமரா தலைகுப்புற விழப் பார்த்தது. மூன்றாவதைப் போட்டதும் – நின்றது. நிமிர்ந்து நின்றது! கையை இப்படி ஆட்டினேன், அப்படி ஆட்டினேன், மேலே அது பாட்டுக்கு நேராக நிற்கிறது.

முற்றத்தில் எர்னிஸைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். அவன் மண்ணெண்ணெய் நாறுகிறது என்றான். நாறட்டும்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

எர்னிஸ் ஒரு சோதனை வைத்தான். கேமராவை எடுத்துவிட்டு அதே கனத்துக்கு ஒரு பலகை, பலகை மேல் ஒரு கிண்ணம் தேநீர். கிணறு வரை போய்த் திரும்பி வர வேண்டும், ஒரு சொட்டுச் சிந்தக்கூடாது.

"வழிய வழிய ஊத்தாதே. விருந்தாளியை எழுந்து போன்னு சொல்ற மாதிரி இருக்கு" என்றேன்.

"நீ விருந்தாளி இல்லை. திருடி."

போனேன். கல்லில் ஏறி இறங்கினேன். வாய்க்காலைத் தாண்டினேன். கோழிகளைத் துரத்திக்கொண்டு ஓடினேன். எல்லாம் பழைய பகைதான். திரும்பி வந்து கிண்ணத்தை அவன் கையில் கொடுத்தேன். சிந்தவில்லை. அவன் அதைக் குடித்துவிட்டு, "ஆறிப்போச்சு" என்றான். அவன் முகத்தைப் பார்க்கணுமே! என்னைவிட அவனுக்குத்தான் பெருமை, சொல்லமாட்டான் தடியன்.

செப்டம்பர் 2, திங்கள்

பாதிதான் தீர்ந்திருக்கிறது. நடந்தால் ஆடவில்லை, சரி. கையை விட்டால்? பிடியோடு சேர்ந்து விழுகிறது. அதுதானே எனக்கு வேண்டும்!

கழுத்தில் பட்டை போட்டுத் தொங்கவிட்டேன். ஊஞ்சலாடுகிறது. தோளில் கட்டிப் பார்த்தேன். வலி உயிர் போகிறது.

டோக்டோசுன் அண்ணனிடம் புலம்பினேன். அவர் சிரித்துக்கொண்டே, "மாவட்டப் போட்டியில கொடி பிடிச்சுக்கிட்டுக் குதிரையில போனேனே, பார்த்தல்ல? ஒரு கையில கடிவாளம், இன்னொரு கையை ஆட்டிக்கிட்டே போனேன். கொடியை யார் பிடிச்சா?" என்றார்.

"யாரு?"

"கால் வைக்கிற அங்கவடிப் பக்கத்துல தோல் கிண்ணம். அதுல கம்பை ஊனியாச்சு. உனக்கென்ன, குதிரை இல்லைன்னா இடுப்பு இருக்குல்ல?"

ஓடி வந்தேன் வீட்டுக்கு. பழைய சேணத்திலிருந்து தோல் வெட்டி, கிண்ணமாகத் தைத்து, என் பெல்ட்டில் கோத்திருக்கிறேன். அரிவாள் பிடியின் அடிக்காம்பு அதில் இறங்கி உட்காருகிறது. மேலே ஒரு வார் போட்டு இறுக்கிவிட்டால் அசையாது. ஊசி குத்தாத விரல் ஒன்றுகூட இல்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

நிற்கிறது! கையை விட்டேன், நிற்கிறது!

ஆனால் மெல்லத் திரும்பிச் சுவரைப் பார்க்கிறது. மனிதர்களைப் பிடிக்காத மாதிரி.

செப்டம்பர் 10, செவ்வாய்

காரணம் கண்டுபிடித்துவிட்டேன். நான்தான் காரணம். கிரீஸை ஒரு துளி விடாமல் கழுவிவிட்டேன், மூட்டு இப்போது காற்று பட்டாலே சுழல்கிறது. கொஞ்சம் பிசுக்கு வேண்டும். புதுக் கிரீஸ் போட்டேன், அதிகம் பிடிக்கிறது. சமையல் எண்ணெய் விட்டேன், ஒழுகிவிட்டது. கடைசியில் ஆட்டு வால் கொழுப்பு ஒரு சின்ன உருண்டை வைத்தேன். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி! திருப்பினால் திரும்புகிறது, விட்டால் விட்ட இடத்தில் நிற்கிறது.

"கேமராவுக்கும் விருந்து வெச்சாச்சா?" என்று எர்னிஸ் கேட்டான். நாய் என் பின்னாலேயே அலைகிறது.

செப்டம்பர் 15, ஞாயிறு

மைதானத்தில் குதிரை விளையாட்டு, வெட்டின ஆட்டைப் பந்தாக வைத்துக் குதிரை மேலிருந்தே பறித்து ஆடுவது. ஓரமாக ஓடி ஓடி எடுத்தேன். டோக்டோசுன் அண்ணன் ஆட்டை இழுத்துக்கொண்டு புழுதியைக் கிளப்பி வருகிறார், நான் கூடவே ஓடுகிறேன், படம் தண்ணீர் ஓடுகிற மாதிரி வருகிறது. ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "யாரு எடுத்தது? எல்தாரா?" என்று ஒருவர் கேட்டார். டோக்டோசுன் அண்ணன் பதில் போட்டிருந்தார்: "செருப்புப் படக்காரி. செருப்புத் தேய ஓடி எடுத்தா."

இதை எட்டுத் தடவை படித்தேன். ஒன்பதாவதும் படிப்பேன்.

ஜெய்னப் அக்கா பார்த்துவிட்டாள் என்று செல்போன் காட்டியது. ஒன்றும் எழுதவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தேன். அய்சுலு வந்தாள், கல்யாணப் பெண். வரப்பில் நின்றுகொண்டு தயங்கினாள்.

"அக்கா, பொண்ணறைக்குள்ள எல்தார் அண்ணன் வரமுடியாதுல்ல. உடுத்தறது, தலை பின்றது, அம்மா அழறது... அதெல்லாம் யார் எடுப்பா? அம்மாகிட்ட மூணு நாள் சண்டை போட்டேன். சரின்னுட்டா. ஆனா –"

"ஆனா?"

"அந்த ரூம் மட்டும்தானாம். ஆசிப் பக்கம் நீங்க வரக்கூடாதாம். அது எல்தாருக்காம்."

மண்வெட்டியை வீசிவிடலாமா என்று இருந்தது. இரண்டு மாசம் நாய் மாதிரி உழைத்தது எதற்கு? அந்த ஆசிக்காகத்தானே? அவள் கண்ணைப் பார்த்தேன். பாவம், மூன்று நாள் சண்டை போட்டிருக்கிறாள்.

"வரேன்" என்றேன்.

அக்டோபர் 11, வெள்ளி

நாளைக்கு. தோல் கிண்ணத்துக்கு இன்னொரு தையல் போட்டாச்சு. புதுக் கொழுப்பு வைத்தாச்சு. பெரியவருக்கு முழங்கால் வீங்கியிருக்கிறதாம், மேஜைக்குத் தாங்கிப் பிடித்துத்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டுமாம்.

அவர் மேஜையில் சொல்வார். நான் அறையில் இருப்பேன். சரி. வேலை வேலைதான்.

சரி என்று எழுதிவிட்டேன். மனசு ஆறவில்லை.

அக்டோபர் 12, சனி

இதை இன்றைக்கே எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

காலையிலிருந்து பெண்ணறையில் இருந்தேன். அடுப்பு எரிகிறது, நாற்பது பெண்கள், மூச்சு முட்டுகிறது. அத்தைமார் தலை பின்னினார்கள், அண்ணிகள் கிண்டலடித்தார்கள், அய்சுலு சிரித்துக்கொண்டே அழுதாள். நான் அவர்களுக்குள்ளே புகுந்து புகுந்து எடுத்தேன். ஒரு முழங்கைகூட இடிக்கவில்லை, ஒரு ஆட்டம் இல்லை. ஜெய்னப் அக்கா என் இடுப்பைப் பார்த்தாள். "இதென்ன வேஷம்?" என்று மட்டும் கேட்டாள்.

மத்தியானம் நடையில் கைத்தடிச் சத்தம் கேட்டது. டக், டக். பெண்கள் விலகினார்கள். பெரியவர். தொப்பி, நீள அங்கி, பக்கத்தில் தாங்கிப் பிடித்தபடி மூத்த பேரனும் அவன் பெண்டாட்டியும்.

"அப்பா! மேஜை வெளியில இருக்கு" என்று ஜெய்னப் அக்கா பதறினாள். "எல்தார் அங்க தயாரா நிக்கிறான்."

"நிக்கட்டும். அந்தச் செருப்புக்காரி எங்க?"

கையைத் தூக்கிக் காட்டினேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

"போன தடவை நீயும் கையேந்தினேன்னு சொன்னாங்க. நெசமா?"

"ஆமா தாத்தா."

"ஏந்தாம எப்படி? எங்கப்பன் ஆசி சொன்னப்போ நான் பால் பானையைக் கீழ போட்டிருக்கேன்." அறை சிரித்தது. "போன தடவை சொன்னதையும் சேர்த்துச் சொல்றேன். இந்தத் தடவை செருப்பு வேணாம்."

அலமாரி ஓரமாக நின்றார். தடியைப் பேரனிடம் கொடுத்தார். எல்தார் ஓடி வந்திருக்கிறான், வாசலை அடைத்து நின்ற அத்தைமாருக்குப் பின்னால் அவன் கிம்பல் மட்டும் தெரிந்தது. பெரியவர் முகத்தைப் படத்துக்கு நடுவில் கொண்டுவந்தேன். பெல்ட் வாரை ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். அவர் கையேந்தினார்.

விட்டேன். இரண்டு கையையும் விட்டு ஏந்தினேன்.

எதிரே ஜெய்னப் அக்காவும் ஏந்தியிருந்தாள். என் வெறுங்கையைப் பார்த்தாள். சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போனாள். ஆசி நடுவில் யாரும் பேசக்கூடாது, ஏந்தின கையை இறக்கவும் கூடாது. கண்ணாலேயே என்னைக் கொன்றாள். நான் கேமராவைக் குனிந்து பார்க்கவில்லை. பார்க்கத் துடித்தேன், பார்க்கவில்லை. பெரியவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடுப்பில் அந்தக் கனம் அசையாமல் இருந்தது, அது போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் மூத்த பேரனுக்கும் அவன் பெண்டாட்டிக்கும் சொன்னார், ஜூலையில் சொன்னதையே, வார்த்தை மாறாமல். பிறகு அய்சுலுவுக்கு. போகிற வீட்டில் உன் அடுப்பு அணையாமல் இருக்கட்டும் என்றார். முடிவில், "ஊரார் ஆசியை எல்லாம் சேர்த்து வைக்கிறவ கையும் நிறையட்டும்" என்றார். எனக்குத்தான். எனக்கே எனக்கு!

ஓமின்.

முகத்தைத் தடவினேன். கை ஈரம்.

"பாவி! திரும்பவும் கையை விட்டுட்டியேடி!" ஜெய்னப் அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள்.

நான் அந்த இடத்திலேயே ஓட்டிக் காட்டினேன். பெரியவர் முகம், தாடி, ஏந்தின கை, அதில் நடுங்குகிற விரல்கள், அவருக்குக் கீழே மூத்தவன், மருமகள், அய்சுலு. ஐந்து நிமிஷம், முழுசாக. அவள் சின்னத் திரைக்கு மேல் குனிந்து பார்த்தாள். கடைசி வரைக்கும் பார்த்தாள். பிறகு என் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள், முக்காடெல்லாம் கலைந்துபோனது.

எல்தார் பிறகு வந்து மூட்டைத் தொட்டுப் பார்த்தான். "இது எங்க கிடைக்கும் அக்கா?"

"எங்கயும் கிடைக்காது" என்றேன். அப்பப்பா, என்ன திமிர் எனக்கு! இருக்கட்டுமே. அவன் விரலை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஆட்டுக் கொழுப்பா?" என்றான்.

அக்டோபர் 16, புதன்

பெரிய திரையில் பார்த்தேன். கடைசி ஒரு நிமிஷம் கேமரா லேசாக இடதுபக்கம் திரும்பியிருக்கிறது. அறைச் சூட்டில் கொழுப்பு இளகிவிட்டது. பெரியவர் இருக்கிறார், ஆனால் ஓரத்தில் அலமாரிக் கண்ணாடியும் வந்துவிட்டது. தொழிலில் இது குறைதான். வெட்டி ஒட்டலாம் என்று பார்த்தேன், ஆசியின் முடிவு போய்விடும். ஜெய்னப் அக்காவிடம் கேட்டுவிடுவோம். இந்தத் தடவை நேரில்.

அக்டோபர் 19, சனி

அவளே வந்துவிட்டாள். உட்கார்ந்தாள். மூன்று கிண்ணம் தேநீர் குடித்தாள், ரொட்டி தின்றாள், ஜாமுக்குச் சர்க்கரை போதாது என்றாள்.

கண்ணாடி வந்த இடத்தைக் காட்டினேன். "இங்க கொஞ்சம் திரும்பிடுச்சு அக்கா. ஓரத்தை மறைச்சுடட்டுமா?"

திரையில் ஒட்டிக்கொள்கிற அளவுக்குக் கிட்டே போனாள்.

"அந்தக் கண்ணாடியில இருக்கறது நீதானே?"

நான்தான். அதுவரை நானே சரியாகப் பார்க்கவில்லை. கேமரா இடுப்பில் தன்னால் நிற்கிறது, நான் அதற்குப் பின்னால் இரண்டு கையும் ஏந்தி, வாயைத் திறந்து, கண் கலங்கி நிற்கிறேன்.

"பன்னெண்டு வருஷமா எடுக்கற. இதுக்கு முன்னாடி எந்தப் படத்துலயாவது நீ இருக்கியா?"

யோசித்தேன். ஒன்றில்கூட இல்லை.

"மறைச்சே, கையை ஒடிச்சுடுவேன்" என்றாள்.

நவம்பர் 3, ஞாயிறு

முதல் பனி. எர்னிஸ் படத்தை இன்றுதான் முழுசாகப் பார்த்தான். கண்ணாடி வரும் இடத்தில் நிறுத்தினான். திரும்ப ஓட்டினான், திரும்ப நிறுத்தினான். ஏதாவது நல்ல வார்த்தை சொல்லப்போகிறான் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அதோ பாரு" என்றான், விரலைத் திரையில் வைத்து. "என் அரிவாள் பிடி!"

பிறகு கொஞ்ச நேரம் அந்தப் படத்தை அப்படியே நிறுத்தி வைத்திருந்தான். நானும் எழுந்து போகவில்லை. அடுத்த வருஷம் புல் அறுக்க அவனுக்குப் புதுப் பிடி செதுக்க வேண்டும், வில்லோ கட்டை வெட்டி ஊறப்போட்டிருக்கிறேன்.